புரி கவ்வாத ஸ்க்ரூ

ஞாயிறு, மத்தியானம்

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டே போனால் கடைசியில் ‘கிறுக்’ என்று ஒரு சின்னச் சத்தம் வரும். புரி கவ்விவிட்டது என்று அர்த்தம். வெள்ளிக்கிழமை அந்தச் சத்தம் வரவில்லை. நான் முதலில் கவனித்தது அது ஒன்றுதான்.

நலம் விசாரிக்காமல் இதை எழுதுகிறேனே என்று நினைக்காதே. நலம் விசாரிக்க ஆரம்பித்தால் அதோடு கடிதத்தை முடித்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். நீ நன்றாக இருக்கிறாய் என்று தினமும் போனில் கேட்கிறேன். போனில் இதைச் சொல்ல முடியாது. போன் அம்மாவுடையது, அறை ஒன்று, அம்மாவின் காது உனக்குத் தெரியும். செய்தி அனுப்பினால் அதையும் அவள்தான் படிப்பாள். அதனால்தான் துணி காயப்போடும் மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஐந்து நாளில் உன்னிடம் வந்துவிடும் என்று தபால் ஆபீசில் சொன்னார்கள்.

நான் ஆஸ்பத்திரியில் பாத்திரம் கழுவுவதாக நீ உன் தையல் ஆலைத் தோழிகளிடம் சொன்னாயாம். அதுவும் சரிதான். ஆபரேஷன் தியேட்டரில் இருந்து வரும் கருவிகளைக் கழற்றிக் கழுவி, துடைத்து, மறுபடி மாட்டி, துணியில் சுற்றி, கிருமி சாவதற்கு ஆவி மெஷினுக்கு அனுப்பவேண்டும். நானும் விசில் அத்தையும் அந்த வேலை செய்கிறோம். மெஷின் விசில் அடிப்பதற்கு முன்னால் அத்தை கத்திவிடுவார், அதனால் அந்தப் பெயர். எனக்கு இந்த வேலையை வாங்கிக்கொடுத்தவரும் அவர்தான். ஒன்பதாவதோடு நின்றவளை வேறு யார் உள்ளே விடுவார்கள்.

அம்மாவுக்கு முதுகெலும்பில் ஆபரேஷன் செய்யப்போகிறவரை நாங்கள் படிக்கட்டு டாக்டர் என்போம். குள்ளமாக இருப்பார். மேஜைக்கு எட்டுவதற்காக இரண்டு படி வைத்த ஒரு இரும்புப் பலகையைக் காலடியில் போட்டுக்கொள்வார். ஆறு மாதத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு கண்ணாடி வந்தது. வெல்டிங் செய்கிறவர்கள் போடுவது போலப் பெரியது. அதைப் போட்டுக்கொண்டு நோயாளியின் முதுகைப் பார்த்தால், தோலுக்கு உள்ளே இருக்கும் எலும்பு அதே இடத்தில் தெரியுமாம். ஸ்கேனில் எடுத்த படம்தான், ஆனால் சுவரில் மாட்டியிருக்காது, முதுகின் மேலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். எங்கே துளை போடவேண்டும், எந்தச் சாய்வில் போகவேண்டும் என்று கோடும் காட்டும். அதனால் முதுகை நீளமாகக் கிழிக்க வேண்டியதில்லை, சின்னச் சின்னத் துளை போதும். வராந்தாவில் ஒட்டிய விளம்பரத்தில் ‘கலப்பு மெய்ம்மை’ என்று போட்டிருக்கிறது. விசில் அத்தை அதைப் பேய்க்கண்ணாடி என்கிறார்.

படம் சரியான இடத்தில் உட்காருவதற்கு நோயாளியின் எலும்பில் ஒரு சின்ன கிளாம்பைக் கவ்வவிட்டு, அதன் மேல் நான்கு வெள்ளைக் குண்டு வைத்த சட்டம் ஒன்றை மாட்டுவார்கள். அதைப் பற்றிக் கம்பெனி டெக்னீஷியன் நர்ஸ்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் ட்ரேயோடு வாசலில் நின்றிருந்தேன். ‘கண்ணாடிக்கு எலும்பே தெரியாதும்மா. இந்த நாலு குண்டு மட்டும்தான் தெரியும். குண்டு இங்க இருந்தா எலும்பு அங்க இருக்கும்னு அதுவா நினைச்சுக்கும். குண்டு அசைஞ்சா படம் அசையும், எலும்பு அசையாது. அப்புறம் டாக்டர் பாக்குறதெல்லாம் கதைதான்’ என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் அதை மறக்கவில்லை.

அந்தச் சட்டம் எங்களிடம் இரண்டு இருக்கிறது. ஒன்றில் நீலப் பட்டை, ஒன்றில் மஞ்சள் பட்டை. கிளாம்பை இறுக்கும் ஸ்க்ரூவில் பட்டை ஒட்ட இடமில்லை. எறும்புத் தலை அளவு ஒன்று, இரண்டு என்று செதுக்கியிருக்கும். ஒன்று பழையது, மற்றது புதியது, அதனால் புரியில் ஒரு நூல் அளவு வித்தியாசம். இரண்டையும் தனித்தனித் தொட்டியில் கழுவவேண்டும் என்பது விதி. ஆனால் செவ்வாய்க்கிழமைகளில் அடுத்தடுத்து இரண்டு ஆபரேஷன் இருக்கும், மேலே இருந்து ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று போன் வந்துகொண்டே இருக்கும். ஒரே தொட்டியில் போட்டுவிடுவோம்.

வெள்ளிக்கிழமை அலமாரியைச் சுத்தம் செய்யும்போது மஞ்சளை எடுத்துச் சும்மா இறுக்கிப் பார்த்தேன். ஸ்க்ரூ நின்றது, கவ்வவில்லை. பெரிதாகக் காட்டும் விளக்கின் கீழே வைத்துப் பார்த்தேன். மஞ்சளில் இருந்தது நீலத்தின் ஸ்க்ரூ. இரண்டையும் மாற்றிப் போட்டேன். இரண்டுமே ‘கிறுக்’ என்றன. யாரும் பார்க்கவில்லை.

இப்போது முக்கியமான விஷயம். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பெயிண்டர் ஒருவருக்கு ஆபரேஷன் நடந்தது, சாரத்தில் இருந்து விழுந்தவர். ஆரம்பத்தில் தொட்டுச் சரிபார்த்தபோது படம் சரியாக இருந்ததாம். எலும்பில் துளை போட ஆரம்பித்த பிறகு படம் தள்ளி நின்றதாம். டாக்டருக்கு ஏதோ உறுத்தி, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பழைய முறைப்படி நீளமாகத் திறந்து முடித்தார். அன்றைக்குப் போனது மஞ்சள். அதைக் கழுவி மாட்டி அனுப்பியது நான்.

அதற்குப் பிறகு கண்ணாடியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். கம்பெனிக்காரர்கள் மூன்று முறை வந்து கண்ணாடியைச் சோதித்துவிட்டுப் போனார்கள். கழுவும் அறைக்கு யாரும் வரவில்லை.

புதன்கிழமை அம்மாவிடம் டாக்டர் சொன்னதை நீ போனில் கேட்டாய். கண்ணாடியை நம்ப முடியவில்லை, திறந்துதான் செய்யவேண்டும் என்றார். இரண்டு கையையும் விரித்து நீளத்தைக் காட்டினார். அம்மா அன்றிலிருந்து பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லோரிடமும் அதே போலக் கையை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கிறாள், தன் கையால் பிடித்த மீனைக் காட்டுவது போல. அவளுக்கு இருக்கும் சர்க்கரைக்குக் காலில் பட்ட சின்னப் புண் ஆற நான்கு மாதம் ஆனது. அதை அவள் யாரிடமும் சொல்வதில்லை. ஆபரேஷனைத் தள்ளிப்போடவும் முடியாது, இடது பாதம் ஏற்கெனவே மரத்துப்போய்விட்டது. செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நடக்கிறாள்.

கோளாறு கண்ணாடியில் இல்லை, கழுவும் அறையில்தான் என்று நான் போய்ச் சொன்னால், ஒருவேளை அம்மாவுக்குச் சின்னத் துளை கிடைக்கும். சொன்னால் என் வேலை போகலாம், அத்தையின் வேலையும் போகலாம். ஊழியர் குடும்பம் என்பதால்தான் அம்மாவுக்கு வரும் வியாழனுக்கு அடுத்த வியாழனே கிடைத்தது, இன்னும் பதினோரு நாள்தான் இருக்கிறது. வேலை போனால் பொது வரிசை. அதில் எட்டு மாதம் காத்திருக்கவேண்டும்.

நீ சொல் அக்கா, நான் என்ன செய்யட்டும். கடிதம் கிடைத்ததும் போனில் என்னிடம் ‘முடி வெட்டிக்கிட்டியா’ என்று கேள். ‘வெட்டிக்கோ’ என்றால் போய்ச் சொல்லிவிடுகிறேன். ‘வேண்டாம், வளரட்டும்’ என்றால் வாயை மூடிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் தங்கை

சனிக்கிழமை, காலை

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று போனில் நடந்ததற்கு உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ சரியாகத்தான் கேட்டாய். ‘முடி வெட்டிக்கிட்டியாடி’ என்று நீ கேட்டதும் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். நான் ‘வெட்டலாமா’ என்று கேட்பதற்குள் அம்மா புகுந்துவிட்டாள். ‘அவ முடிக்கு என்ன இப்ப? இருக்கறதே எலிவால். அதையும் வெட்டிட்டு மொட்டையா நிக்கட்டுமா? நீ அங்க உக்காந்துக்கிட்டு இவளுக்கு யோசனை சொல்லாத’ என்றாள்.  நீ ‘உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்’ என்றாய்.

அது பதில் இல்லை அக்கா. அம்மா பக்கத்தில் இருந்ததால் அப்படிச் சொன்னாயா, உனக்கே தெரியவில்லையா என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். திரும்பக் கூப்பிடவும் வழியில்லை.

இந்த வாரம் என் கை சும்மா இருக்கவில்லை. எதைப் பார்த்தாலும் இறுக்கிப் பார்க்கிறேன். குக்கர் கைப்பிடி, ஜன்னல் கொண்டி, அம்மாவின் கட்டில் கால், குழாய்த் திருகு. குழாய்த் திருகு கையோடு வந்துவிட்டது. ‘என்னடி, வீட்டையே கழட்டி எடைக்குப் போடப்போறியா’ என்று அம்மா கேட்டாள். வேலையிலும் அப்படித்தான். அலமாரியைத் திறந்து மஞ்சளை முறுக்குகிறேன், ‘கிறுக்’ என்கிறது. மூடுகிறேன். கையைக் கழுவிவிட்டு வந்து மறுபடி திறக்கிறேன்.

வியாழக்கிழமை அத்தையிடம் சொல்லிவிட்டேன். முதலில் சிரித்தார். ‘போடி, ஆணி ஒண்ணு மாறினதுக்கு அவ்ளோ பெரிய மெஷின் கெட்டுப்போகுமா’ என்றார். நான் ஸ்க்ரூவை மாற்றிப் போட்டு, கிளாம்பை ஒரு ஸ்பூன் காம்பில் கவ்வவிட்டு, அவர் கையில் கொடுத்தேன். அவர் இரண்டு தட்டுத் தட்டினார். சட்டம் மெதுவாகத் தலையைத் திருப்பிக்கொண்டது. மூன்றாவது முறை அவர் தட்டவில்லை.

அதற்குப் பிறகு அன்று முழுவதும் அத்தை ஒரு வார்த்தை கத்தவில்லை. ஆவி மெஷின் தானே விசில் அடித்தபோது இருவருக்கும் தூக்கிவாரிப் போட்டது. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். ‘சொல்லணும்னு தோணிச்சுன்னா சொல்லு. ஒரே தொட்டில போடச் சொன்னது நான்னு மட்டும் சொல்லிடாத. எனக்கு ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருஷம்தான் இருக்கு கண்ணு.’ அவர் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. வழக்கமாக ‘ஏ ஊமை’ என்றுதான் கூப்பிடுவார்.

பெயிண்டரையும் பார்த்தேன். செவ்வாய்தோறும் கட்டு மாற்றிக்கொள்ள வருகிறார். நடப்பதற்கு உதவும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, ஓர் அடி வைத்து, நின்று, ஓர் அடி வைத்து வருகிறார். வாசல் காவலாளி ‘என்னண்ணே, ரேஸா’ என்று கேட்டதற்கு, ‘இந்தச் சுவர் பெயிண்ட் அடிச்சவன் யாருய்யா, எவ்ளோ திட்டு பாரு. இதைப் பாக்கவே மெதுவா நடக்கறேன்’ என்றார். அவர் கையில் இருந்து ஃபைல் விழுந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். ‘நல்லா இரும்மா’ என்றார். அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு படி இறங்கினேன். 

சின்னத் துளையாக இருந்திருந்தால் மூன்றாவது வாரமே அவர் ஏணி ஏறியிருப்பார் என்று நர்ஸ்கள் பேசிக்கொள்கிறார்கள்.

அம்மா ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகும் பையைத் தயார் செய்துவிட்டாள். இரண்டு மாதத்துக்குக் குனிய முடியாதாம், அதனால் கீழ் அலமாரியில் இருந்ததையெல்லாம் மேல் அலமாரிக்கு ஏற்றச் சொன்னாள். ஏற்றினேன். ‘எட்டாத உயரத்துல வெக்காதடி, நான் என்ன ஒட்டகமா’ என்று சிரித்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

இதை உனக்கு அனுப்பி என்ன பயன் என்று தெரியவில்லை. நீ படிப்பதற்குள் வியாழன் வந்துவிடும். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ராத்திரி ஷிஃப்டில் தூங்கிவிடாதே, ஊசியில் கவனமாக இரு.

இப்படிக்கு,
உன் தங்கை

செவ்வாய், மாலை

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று காலை சொல்லிவிட்டேன்.

போவதற்கு முன்னால் நிறைய ஒத்திகை பார்த்தேன். ‘டாக்டர், ஒரு நிமிஷம்’ என்று ஆரம்பிப்பதா, ‘மன்னிக்கணும்’ என்று ஆரம்பிப்பதா என்று. எதுவும் உபயோகப்படவில்லை. இரண்டு ஸ்க்ரூவையும் மறுபடி தப்பாக மாற்றிப் போட்டு, இரண்டு சட்டத்தையும் ட்ரேயில் வைத்துக்கொண்டு மேலே போனேன். அவர் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. பிஸ்கெட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்தால் அவருக்குக் கால் தரையில் எட்டுவதில்லை, அதை இன்றுதான் பார்த்தேன். ட்ரேயை மேஜையில் வைத்தேன். ‘இது இறுகாது’ என்றேன். என் வாயில் இருந்து வந்தது அவ்வளவுதான். பிஸ்கெட் பாதி உடைந்து டீக்குள் விழுந்தது.

அவர் என்னைப் பார்த்தார், ட்ரேயைப் பார்த்தார். மஞ்சளை எடுத்து இறுக்கினார். ‘இறுகித்தானே இருக்கு’ என்றார். நான் தலையாட்டினேன், இல்லை என்று. அலமாரி மேல் பிளாஸ்டிக் முதுகெலும்பு ஒன்று இருந்தது, நோயாளிகளுக்குக் காட்டுவது. அதை நான் கையால் காட்டினேன். அவர் கிளாம்பை அதில் கவ்வவிட்டு, பேனாவால் பத்துப் பன்னிரண்டு தட்டுத் தட்டினார். சட்டம் தலையைத் திருப்பியது.  மேஜை இழுப்பறையில் இருந்து சாவியை எடுத்து, மூலையில் இருந்த பெட்டியைத் திறந்தார்.

சட்டத்தைப் பழையபடி நேராக்கிவிட்டு, கண்ணாடியை அவர் போட்டுப் பார்த்தார், நெடுநேரம். பிறகு கழற்றி என் தலையில் மாட்டினார். ‘பாரு’ என்றார்.

அக்கா, அதை உனக்கு எப்படிச் சொல்வது. பிளாஸ்டிக் எலும்பின் மேல் இன்னொரு எலும்பு, வெளிச்சத்தால் செய்தது போல, இம்மி பிசகாமல் பொருந்தி உட்கார்ந்திருந்தது. நான் தலையைச் சாய்த்தால் அதுவும் கூடவே நின்றது. டாக்டர் சட்டத்தை ஒரு விரலால் தள்ளினார். வெளிச்ச எலும்பு நழுவியது. ஒரு அரிசி நீளம்கூட இருக்காது. பிளாஸ்டிக் எலும்பு இருந்த இடத்திலேயே இருந்தது. போகவேண்டிய வழியைக் காட்டும் பச்சைக் கோடு இப்போது எலும்புக்குப் பக்கத்தில், நரம்பு போகும் பள்ளத்தில் இறங்கியது. கோடு கோணலாக இல்லை, மங்கலாக இல்லை, முன்பு இருந்தது போலவே அழகாக இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நான் கண்ணாடியோடு நின்றபடியே ஸ்க்ரூக்களைக் கழற்றி, சரியாக மாட்டி, முறுக்கினேன். ‘கிறுக்’ என்றது. அவருக்கும் கேட்டது. அதன் பிறகு அவர் எவ்வளவு தட்டியும் படம் நகரவில்லை.

‘உனக்கு எப்ப தெரியும்’ என்று கேட்டார். பதினோரு நாளாக என்றேன். ‘பதினோரு நாளா’ என்று திருப்பிச் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். நடந்தது என்ன, எப்போது, யார் என்று கட்டம் கட்டமாக இருந்தது. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் உனக்கு எழுதும் கடிதத்தைத் தவிர எதையும் எழுதியதில்லை. மெதுவாக எழுதினேன். இரண்டு ஆபரேஷன் உள்ள நாளில் நேரம் போதவில்லை, இரண்டு சட்டமும் ஒரே தொட்டியில் போயின, ஸ்க்ரூவை மாற்றி மாட்டியது நான் என்று எழுதி என் பெயரைப் போட்டேன். கண்ணுக்குத் தெரியும்படி ஸ்க்ரூவுக்கும் நீலம், மஞ்சள் தலை வைக்கலாம் என்றும் கடைசியில் எழுதினேன். அதற்குக் கட்டம் இல்லை, ஓரத்தில் எழுதினேன்.

அவர் படித்தார். ‘ஒரே தொட்டியில போடச் சொன்னது யாரு’ என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. மறுபடி கேட்டார். வாயைத் திறக்காமல் நிற்பது எனக்கு நன்றாக வரும், உனக்குத் தெரியும். கடைசியில் அவரே பேனாவை மூடினார்.

வியாழக்கிழமை ஆபரேஷனுக்கு இருப்பவள் என் அம்மா என்று சொன்னேன். ‘எல்லார்கிட்டயும் கையை விரிச்சுக் காட்டுற அந்த அம்மாவா’ என்று கேட்டார். அவருக்கும் அவள் காட்டியிருக்கிறாள். ‘உன் வேலையைப் பத்தி முடிவு பண்றது என் கையில இல்ல. உங்க அம்மா பேர் வியாழக்கிழமை லிஸ்ட்ல இருக்கு, அதை யாரும் எடுக்க மாட்டாங்க, அதுக்கு நான் பொறுப்பு. கண்ணாடியா, கத்தியான்னு நாளைக்கு சாயங்காலம்தான் சொல்லுவேன். நாளைக்கு முழுக்க இதைத் தட்டிப் பாக்கணும்’ என்றார். பெயிண்டரிடமும் தான் பேசவேண்டும் என்றார். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, டீக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே வந்து அத்தையிடம், ‘உங்க பேர் சொல்லல’ என்றேன். அவர் தொட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அறையில் இருந்த பழைய தொட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு தொட்டி நின்றது. எங்கிருந்து இழுத்து வந்தாரோ தெரியவில்லை.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது வியாழன் முடிந்திருக்கும். அம்மாவின் முதுகில் இருப்பது சின்னத் துளையா, நீளக் கோடா என்று உனக்குத் தெரிந்திருக்கும். இதை எழுதும் எனக்கு இன்னும் தெரியாது. எப்படி இருந்தாலும் சரி, அந்தப் பதினோரு நாளைப் பற்றி அம்மாவிடம் நீ சொல்லிவிடாதே. அவள் எழுந்து உட்கார்ந்ததும் நானே சொல்கிறேன். என்னைத் திட்டவேண்டும் என்றால் கடிதத்தில் திட்டு, போனில் வேண்டாம். அவளிடம் அன்பாகப் பேசு, வழக்கத்தைவிட இரண்டு நிமிடம் கூடுதலாகப் பேசு.

இன்று செவ்வாய் அல்லவா, பெயிண்டர் வந்திருந்தார். கட்டு மாற்றும் அறைக்கு வெளியே பெஞ்சில் தனியாக உட்கார்ந்து, எதிர்ச் சுவரில் இருந்த திட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் இன்னும் கீழே இறங்கி வரவில்லை. நான் கையைத் துடைத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இப்படிக்கு,
உன் தங்கை